மாணவர் குடிக்கிறார் என்று தெரிந்த பிறகு: ஒரு முன்னாள் துணை வார்டனின் பதில்

கேள்வி இது: "தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என் டியூட்டர் பொறுப்பில் உள்ள 20 மாணவர்களில் நான்கைந்து பேர் வார இறுதியில் குடிக்கிறார்கள் என்பது எனக்கே தெரிகிறது. ஒருவன் வார நாட்களிலும் குடிக்கிறானோ என்று சந்தேகம். அறிவுரை சொல்வதையும் பெற்றோரை வரவழைப்பதையும் தவிர ஆசிரியர்களும் அலுவலர்களும் உருப்படியாக என்ன செய்ய முடியும்?"

நான் 26 ஆண்டுகள் பாடம் நடத்தியவன். அதில் 9 ஆண்டுகள் ஆண்கள் விடுதியின் துணை வார்டனாகவும் இருந்தேன். மருத்துவன் அல்லன், மருத்துவர்களிடம் மாணவர்களை அழைத்துப் போய்க் காத்திருந்த நேரத்தில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அந்த 9 ஆண்டுகளில் முதல் நான்கு ஆண்டுகள் நான் செய்தது பெரும்பாலும் தவறு.

என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். திடீர் அறைச் சோதனை, பாட்டில் கிடைத்தால் பறிமுதல், மன்னிப்புக் கடிதம், அப்பாவுக்குத் தொலைபேசி, 15 நாள் விடுதி நீக்கம். கண்டிப்பான வார்டன் என்று பெயரும் கிடைத்தது. பிறகு ஒருநாள், நீக்கப்பட்ட பையன்கள் அந்த 15 நாட்களும் எங்கே தங்கினார்கள் என்று விசாரித்தேன். பாதிப் பேர் ஊருக்கே போகவில்லை. கல்லூரிக்கு எதிர்ச் சாரியில் மாடி அறை எடுத்திருந்த சீனியர்களோடு தங்கியிருக்கிறார்கள். அங்கே இரவு வருகைப் பதிவு கிடையாது, மெஸ் கிடையாது, காலையில் எழுப்ப ஆள் கிடையாது. குடிக்கிற பையனுக்கு என் செலவில் 15 நாள் விடுமுறை கொடுத்திருக்கிறேன்.

என்னை மாற்றியது அந்தக் கணக்கல்ல, ஓர் இரவு. கல்ச்சுரல்ஸ் என்கிற கல்லூரிக் கலைவிழா முடிந்த இரவு அது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், பெரிதாகப் பழக்கம் இல்லாதவன், பந்தயத்துக்காக வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டருக்கு மேல் மளமளவென்று குடித்திருக்கிறான். மயங்கிச் சரிந்தவனுக்கு அறைத் தோழர்கள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், மோரில் எலுமிச்சை பிழிந்து வாயில் புகட்டப் பார்த்தார்கள், பிறகு கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டார்கள். இரண்டரை மணி நேரம். குளியலறை விளக்கு அணையாமல் இருப்பதைப் பார்த்து மேலே போன வாட்ச்மேன்தான் என்னை எழுப்பினார். பையன் பிழைத்துக்கொண்டான், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாக மருத்துவர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நண்பன் அழுதுகொண்டே சொன்னான்: "சார், போன வாரம் எங்கள் மாடியில் இரண்டு பேரை நீக்கினீர்கள். உங்களிடம் சொன்னால் இவன் படிப்பு போய்விடும் என்று பயந்துவிட்டோம்."

ஆகவே முதல் வேலை இதுதான். உதவி கேட்டு வருகிறவனுக்கும், நண்பனுக்காக உதவி கேட்கிறவனுக்கும் தண்டனை இல்லை என்று கல்லூரி எழுத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002 வாக்கில் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது. பயந்தது போல் குடி கூடவில்லை. உதவி கேட்டு வந்த அழைப்புகள்தான் கூடின. நம் ஊரில் இதைச் சொன்னால் நிர்வாகம் முகம் சுளிக்கும், "குடிக்க அனுமதி கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கும். எங்கள் முதல்வரும் கேட்டார். பிணத்தோடு வரும் பெற்றோருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் என்ன பதில் சொல்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். நாகரிகமான வாதம் இல்லைதான், ஆனால் கையெழுத்து விழுந்தது.

அந்த விதியோடு சேர்த்து ஒவ்வொரு மாடிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஒரு காகிதத்தின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே "தூங்கினால் சரியாகிவிடும்" என்பது ஆபத்தான நம்பிக்கை. மயங்கியவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், மல்லாக்கக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போனால் அதுவே கொல்லும். தட்டி எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக இருந்தால் அல்லது இரண்டு மூச்சுகளுக்கு இடையே 10 விநாடி இடைவெளி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால் 108. மோர், காபி, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் மதுவை இறக்காது. மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது. இதை மாணவர்களுக்கு மட்டுமல்ல, இரவுக் காவலருக்கும் சொல்லுங்கள். அவர்தான் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்.

காவலர் என்றதும் நினைவுக்கு வருகிறது. "அலுவலர்கள்" என்று சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். நம் கல்லூரிகளில் இதைப் பற்றிக் கூட்டம் போட்டால் பேராசிரியர்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மாணவன் குடிப்பது துறைத்தலைவருக்கு எட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே மெஸ் மாஸ்டருக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை டிபனுக்கு யார் வருவதில்லை என்பது அவர் மனக்கணக்கில் இருக்கும். துப்புரவு செய்யும் அம்மாவுக்குத் தெரியும். லேப் அசிஸ்டென்ட்டுக்குத் தெரியும். (முன்பெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் காலிப் பாட்டில்களே விடுதியின் புள்ளிவிவரமாக இருந்தன. காலிப் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியது. அது வந்த இடங்களில் பாட்டில்கள் கடைக்கே திரும்பிவிடும். காட்டுக்கும் யானைக்கும் நல்லது, வார்டனுக்கு ஒரு தடயம் குறைவு.) இவர்களை உளவாளிகளாக்கிவிடாதீர்கள். "யார் குடிக்கிறான் என்று சொல்லுங்கள்" என்று கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். மாணவர் பகையைச் சம்பாதிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? "யாராவது சாப்பிடாமல் இருக்கிறார்களா, யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேளுங்கள், சொல்வார்கள். வாங்கி வந்து கொடுத்துக் கமிஷன் பார்க்கும் காவலரும் உண்டு. அவர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு காட்டத் தயங்க வேண்டாம்.

அடுத்தது, இந்தப் பதிலிலேயே முக்கியமானது: தண்டிப்பவரும் கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் நீங்கள் உறுப்பினர் என்றால், அதே வாயால் "மனம் விட்டுப் பேசு தம்பி" என்று சொல்லிப் பயனில்லை. டியூட்டர் என்ற பதவி கேட்பதற்கு நல்ல இடம். முதல்வரிடம் முன்கூட்டியே பேசி, டியூட்டரிடம் மாணவன் தானாகச் சொன்னது நடவடிக்கைக்குப் போகாது என்று உறுதி வாங்குங்கள். விதிவிலக்கு எவை என்பதை மாணவனிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்து, ராகிங், அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. இவற்றை மறைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பேசினால் பையன்கள் உங்களை மதிக்கவே செய்கிறார்கள். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாக்கு மாறுபவரைத்தான் மன்னிப்பதில்லை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெயர் விழுந்தாலும் எல்லாம் முடிந்தது.

பேசும்போது கையில் சில எண்கள் இருப்பது நல்லது; பொறியியல் மாணவனுக்கு நீதிக்கதையை விட எண் ஏறும். நம் ஊர்க் குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் அதில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் "மிதமிஞ்சிய குடி" என்று கணக்கில் எடுக்கும் எல்லைக்கோடு. ஆக, "ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்" என்று பையன் அப்பாவியாகச் சொல்லும்போது அவன் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறான். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், 40 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரவு 10 மணிக்குக் கடை மூடும் நேரத்தில் வாங்கிக் குடித்த குவார்ட்டர், காலை 5 மணி வரையிலும் அதற்குப் பிறகும்கூட இரத்தத்தில் இருக்கலாம். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். விடியற்காலையில் பைக்கில் விடுதி திரும்பும் பையன்களுக்கு இந்தக் கணக்கை நான் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லலாம். அது யாரையும் தடுத்து நான் பார்த்ததில்லை.

சரி, எப்படிப் பேசுவது? குற்றச்சாட்டோடு தொடங்காதீர்கள். கண்ணால் பார்த்ததோடு தொடங்குங்கள். எனக்குக் கைகொடுத்த ஒரு பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது:

"தம்பி, இந்த மாதம் மூன்று திங்கட்கிழமை முதல் பீரியட் வரவில்லை. போன செமஸ்டரில் நீதான் முதலில் வந்து உட்காருவாய். என்ன ஆயிற்று?"

"ஒன்றும் இல்லை சார். தூங்கிவிடுகிறேன்."

"ஞாயிறு இரவு தாமதமாகிறதா?"

"நண்பர்களோடு கொஞ்சம்... சார், வீட்டுக்குச் சொல்லிவிடுவீர்களா?"

"நீயும் நானும்தான் பேசுகிறோம். குடிப்பதில் உனக்குப் பிடித்தது என்ன?"

இந்தக் கடைசிக் கேள்வியில் அவன் திகைத்துவிட்டான். அதுவரை எந்த ஆசிரியரும் கேட்காத கேள்வி. கூச்சம் போகிறது, ஆங்கிலத்தில் பேச வருகிறது, பெரிய ஊர்ப் பையன்களோடு சேர முடிகிறது என்றான். பிறகு, "பிடிக்காதது ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். அவனே சொன்னான்: பணம், அரியர், அம்மாவிடம் சொல்லும் பொய். நான் சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டான். அவன் வாயால் வந்ததால் அவனாலேயே மறுக்க முடியவில்லை. கடைசியில், "எவ்வளவு குறைக்கலாம் என்று நீயே சொல்" என்றேன். முழுக்க நிறுத்திவிடுகிறேன் என்று உடனே சத்தியம் செய்ய வந்தான். வேண்டாம் என்றேன். பையன்கள் நமக்காகச் செய்யும் சத்தியத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுள். அடுத்த இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான். முழுதாக நின்றுவிடவில்லை, ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான்.

இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. மனநல மருத்துவர்கள் முறைப்படி கற்றுக்கொள்கிறார்கள். 10, 15 நிமிடம் ஒதுக்கித் தீர்ப்புச் சொல்லாமல் பேசும் இந்தச் சிறு உரையாடல், அளவு மீறத் தொடங்கியவர்களிடம் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏற்கெனவே அடிமையாகிவிட்டவர்களுக்கு இது போதாது.

இதற்கு நேர்மாறாக, நாம் விரும்பிச் செய்யும் காரியங்களுக்கு ஆதாரம் குறைவு. பேரணி, மனிதச் சங்கிலி, உறுதிமொழி, கல்லீரல் படம் காட்டும் சொற்பொழிவு. அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் 2015-இல் கல்லூரிகளுக்காக உத்திகளைத் தரம் பிரித்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வெறும் தகவல் சொல்லும் விழிப்புணர்வு அதில் பலனற்றவற்றின் வரிசையில் இருக்கிறது. நீங்கள் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்தின் பொறுப்பாளராக இருந்தால் பேரணியை ரத்து செய்யச் சொல்லமாட்டேன். சுற்றறிக்கை வந்தால் நடத்தித்தானே ஆக வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பேச்சில் சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. "எல்லோரும்தான் குடிக்கிறார்கள் சார்" என்று பையன் சொல்வான், மனதார நம்புகிறான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களில் மது அருந்துவோர் 27.3 சதவீதம். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குடிப்பதில்லை. சக மாணவர்களின் குடியை மாணவர்கள் மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பதை பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-லேயே எழுதிவிட்டார்கள். குடிக்காதவன் அறையில் சத்தமில்லாமல் தூங்குகிறான். குடித்தவன் மாடி அதிரப் பாடுகிறான். கணக்கு தவறாமல் என்ன செய்யும்?

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள். ஒரு பையனின் அப்பாவை வரவழைத்து அரை மணி நேரம் பேசினேன். மனிதர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்றார். மூச்சில் வாடை வந்தது. அன்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு பையன் சொன்னபோது, அந்தத் தொலைபேசியை எடுத்ததற்கே வெட்கப்பட்டேன். நம் வகுப்பறைகளில் குடிக்கும் மாணவர்களை விட, குடிக்கும் அப்பாவோடு வாழும் மாணவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் அனுபவம். அவர்களில் சிலர் அதனாலேயே தொடமாட்டார்கள். சிலர் அதனாலேயே தொடுகிறார்கள். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருக்க அனுமதி கேட்கும் பையனிடம் காரணத்தைத் துருவாதீர்கள்; அனுமதி கொடுங்கள். வீட்டில் யாரிடம் பேசலாம் என்பதை மாணவனிடமே கேளுங்கள். பெரும்பாலும் அக்காவோ மாமாவோ ஒருவர் இருப்பார்.

மாணவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மாட்டிக்கொண்டால் மாணவனுக்குக் கிடைப்பது தண்டனை, மாணவிக்குக் கிடைப்பது அவமானம். அதனால் அவர்கள் உதவி கேட்டு வருவதே அபூர்வம். கேட்பதற்கு ஓர் ஆசிரியை வேண்டும். அவருக்கும் நடவடிக்கைக் குழுவுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

இனி, வார நாட்களிலும் குடிப்பதாக நீங்கள் சந்தேகப்படும் அந்தப் பையன். இவன் விஷயம் உங்கள் கையை மீறியதாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 'ஆடிட்' என்ற 10 கேள்விப் படிவம் இருக்கிறது, 40-க்கு மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் எச்சரிக்கை, 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கல்லூரி ஆலோசகர் இருந்தால் அவர் கேட்கட்டும். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நடுக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் படிவம்கூட வேண்டாம், நேரே மருத்துவமனை. இங்கே ஆசிரியர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தவறு: "நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடக் கூடாது" என்று அறையில் பூட்டி வைப்பது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாட்களில் நினைவு தடுமாறிப் பிதற்றும் நிலை வரலாம். அது உயிரைக் கொண்டுபோகும். நிறுத்துவதும் மருத்துவர் மேற்பார்வையில்தான்.

எங்கே அனுப்புவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. சென்னைக்கு அருகில் இருந்தால், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை என்ற குடிநோய் சிகிச்சை மையம் இருக்கிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனி மையம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் கட்டணமில்லாத எண் 14416, தமிழிலும் பேசலாம். எங்கள் ஊரில் சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்கள்: "அவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம்." பெற்றோர் அதை நம்பி வந்தால் தடுத்துவிடுங்கள். மதுவை உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்பிரம் போன்ற மருந்தை உட்கொண்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடித்துத் திருத்துவதாகப் பெருமை பேசும் மையங்களும் உண்டு. பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்காமல் எவரையும் சேர்க்காதீர்கள். மது அடிமைத்தனம் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. நோயாளிக்குரிய உரிமைகளும் ரகசியமும் உங்கள் மாணவனுக்கும் உண்டு.

முதல் முறை நானே உடன் போனேன். சீட்டு எழுதிக் கொடுத்து "போய்விட்டு வா" என்றால் போகமாட்டார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் பஸ் ஏறித் திரும்பிவிடுவார்கள்.

நிர்வாகம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கையில் குறைவு. குடி நடக்கும் நாட்கள் நாள்காட்டியிலேயே தெரியும்: கல்ச்சுரல்ஸ், ஃபேர்வெல், செமஸ்டர் கடைசித் தேர்வு, வேலைக்குத் தேர்வானவர்கள் கொடுக்கும் ட்ரீட். அந்த இரவுகளில் விடுதியில் சாப்பாடு நேரத்தை நீட்டி, பொறுப்பாசிரியர் ஒருவர் விழித்திருந்தாலே பாதி ஆபத்து குறையும். தொழிற்சாலைப் பார்வை என்று சொல்லிப் புதுச்சேரி வழியாகப் பயணம் போடுவதையும் யோசித்துச் செய்யலாம். இன்னொன்று, சொல்லச் சங்கடமானது: அத்தகைய பயணங்களில் இரவு மாணவர்களோடு உட்கார்ந்து குடிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தோழமை என்று நினைக்கிறார்கள். மறுநாள் அதே மாணவனிடம் பேச அவருக்கு வாய் இருக்காது. அவருக்கு மட்டுமல்ல, அந்தத் துறையில் எவருக்குமே.

கடைசியாக, பலரும் மறந்துவிடும் காரியம் ஒன்று. சிகிச்சைக்குப் போன பையன் மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பும்போது அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காரணத்தின் பேரில் விலக்கு தர இடமுண்டு. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே துறைத்தலைவரிடம் பேசி, சான்றிதழை அலுவலகத்தில் யார் பார்க்கலாம், கோப்பில் நோயின் பெயர் இல்லாமல் எப்படி வைப்பது என்பதை முடிவு செய்துவிடுங்கள். இதைச் செய்யாததால், மது இல்லாமல் திரும்பி வந்த ஒரு பையன் அந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் அறையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விடுதியே தேர்வுக்குப் போயிருந்தது. அவன் மட்டும் அறையில். ஹால் டிக்கெட் வராது என்பதை அவனிடம் சொல்ல நான்தான் மாடி ஏறிப் போனேன்.